முதல் கடல் மீனுக்கு முன்: தொட்டியைச் சைக்கிள் செய்ய எந்த வழி?

கடல்நீர்த் தொட்டி வைக்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். உப்புநீர் கலக்கியாயிற்று, பாறையும் மணலும் போட்டாயிற்று, நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கர் ஓடுகிறது. இனி சைக்கிள் செய்ய, அதாவது மீன் கழிவை மாற்றும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்க்க, எதைப் போடுவது? கடைக்காரர் டாம்சல் என்ற சிறு கடல் மீன் நாலு விடச் சொல்கிறார். வீடியோவில் ஒருவர் பாட்டில் பாக்டீரியாவை ஊற்றிவிட்டு மறுநாளே மீன் விடுகிறார். நண்பர் ஒரு பச்சை இறாலைப் போடு போதும் என்கிறார். இன்னொருவர் லைவ் ராக் என்ற, உயிர்கள் மண்டிய கடல் பாறை இருந்தால் எதுவுமே வேண்டாம் என்கிறார். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. எந்த வழியில் போனாலும் தொட்டி ஒருநாள் சைக்கிள் ஆகத்தான் செய்யும், அதனால்தான் குழப்பம்.

முடிவில் நமக்கு வேண்டிய பாக்டீரியா எல்லா வழியிலும் கிடைத்துவிடுகிறது. அதோடு கூடவே தொட்டிக்குள் என்ன வருகிறது, அந்த நாட்களில் எந்த உயிர் அவதிப்படுகிறது, வேலை முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது, இவற்றில்தான் வழிகள் பிரிகின்றன. எது சீக்கிரம் முடியும் என்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் பல மாதங்கள் கழித்து அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

சென்னை போன்ற வெப்பமான ஊரில், வீட்டு வரவேற்பறையில் வைக்கும் 100 முதல் 200 லிட்டர் தொட்டியை மனதில் வைத்து எழுதுகிறேன். குளிர்நாட்டு ஆர்வலர்கள் எழுதும் குறிப்புகளில் பாதி இங்கே வேறு மாதிரி நடக்கும்.

## தண்ணீருக்குள் நடப்பது

மீன் தன் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகிறது. மிச்சமான தீனி அழுகினாலும் அமோனியாதான். ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இரண்டு கூட்டமும் பாறை, மணல், ஃபில்டர் பொருள் ஆகியவற்றின் மேற்பரப்பில் ஒட்டி வளர்கின்றன. தண்ணீரில் மிதப்பவை குறைவு. பழைய தொட்டித் தண்ணீரை ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினால் பெரிய பலன் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

இவை வளர்வது மிக மெதுவாக. குடலில் வாழும் ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். நைட்ரஜனை மாற்றும் பாக்டீரியாவுக்கு அதற்கே அரை நாள் முதல் ஒரு நாள், சில வேளை அதற்கு மேலும் ஆகும். அவசரப்படுத்த முடியாத வேலை இது. பாக்டீரியா மட்டும்தான் இதைச் செய்கிறது என்றும் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் அக்வேரியத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டியிலிருந்து 2005-ல் பிரித்தெடுக்கப்பட்ட நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் என்ற உயிர், பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட ஆர்க்கியா என்ற நுண்ணுயிர் வகையைச் சேர்ந்தது. அதுவும் அமோனியாவைத் தின்று வாழ்கிறது. ஒரு மீன்தொட்டி அறிவியலுக்குக் கொடுத்த பரிசு என்று அதைச் சொல்வேன்.

நன்னீர்த் தொட்டியை ஓரளவு கவனமின்றித் தொடங்கினாலும் மீன் பிழைத்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். கடல்நீரில் அந்தச் சலுகை கிடையாது. அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். மீனைக் கொல்வது பெரும்பாலும் அதன் கரைந்த வாயு வடிவம். பி.எச். 7 உள்ள நன்னீரில் மொத்த அமோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே அந்த வடிவம் இருக்கும். பி.எச். 8.2 உள்ள கடல்நீரில், 28 டிகிரி வெப்பத்தில், அது 7 சதவீதம் அளவுக்குப் போகும். டெஸ்ட் கிட்டில் ஒரே நிறம் காட்டினாலும் இங்கே நஞ்சு சுமார் பத்து மடங்கு. நைட்ரைட் விஷயத்தில் நிலைமை தலைகீழ். கடல்நீரில் குளோரைடு ஏராளமாக இருப்பதால் நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவது வெகுவாகக் குறைகிறது. ஆகவே கடல் மீனுக்கு நைட்ரைட் சிறிதளவு இருப்பது உடனடி ஆபத்து இல்லை. இரண்டாம் கூட்டம் இன்னும் முழுதாக வளரவில்லை என்பதை அது காட்டுகிறது, அவ்வளவுதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, இந்த நாட்களில் ஏதாவது உயிர் நஞ்சில் நீந்த வேண்டியிருக்கிறதா? எனக்கு இதுதான் முதல் அளவுகோல், மற்றவை இதற்குப் பின்புதான்.

இரண்டாவது, வேலை முடிந்ததைச் சோதித்து உறுதி செய்ய முடியுமா?

மூன்றாவது, பாக்டீரியாவோடு கூட எவை வருகின்றன? நோய், பூச்சி, பாஸ்பேட் ஒரு பக்கம். நல்ல நுண்ணுயிர்களும் சிறு பிராணிகளும் மறுபக்கம்.

நான்காவது, வெளியே தெரியாத செலவு என்ன? உப்பு, மின்சாரம், வீணாகும் வாரங்கள், பின்னாளில் செய்ய வேண்டிய பரிகாரம் எல்லாம் சேர்த்து.

ஐந்தாவது, சட்டம் அனுமதிக்கிறதா? இந்தியாவில் இதைக் கேட்காமல் நகரவே கூடாது.

எத்தனை நாள் ஆகும் என்பதும் முக்கியம்தான். ஆனால் மற்ற ஐந்தும் சரியாக இருக்கும்போது இரண்டு வாரமா ஐந்து வாரமா என்பது பெரிய வித்தியாசம் இல்லை.

## டாம்சல் விட்டுத் தொடங்குவது

பல ஆண்டுகளாகக் கடைகளில் சொல்லப்படும் வழி இது. டாம்சல் விலை குறைவு, உடல் வலு அதிகம், செத்துப் போகாது என்பார்கள். மீன் கழிவே அமோனியா, ஆகவே தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

மீன் சாகாமல் இருப்பதும் நலமாக இருப்பதும் வேறு வேறு. அமோனியாவில் செவுள் மெல்லிழைகள் தடித்துப் போகின்றன, மூச்சு வேகமாகிறது, நோய் எதிர்ப்பு குறைகிறது. நாலைந்து வாரம் அந்தத் தண்ணீரில் கிடந்த மீன் வெளியே பார்க்க நன்றாக இருக்கலாம், உள்ளே அடிபட்டிருக்கும். மீன் இல்லாமலே இந்த வேலையைச் செய்ய முடியும் என்று தெரிந்த பிறகும் ஒரு உயிரை அந்தத் தண்ணீரில் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

இரக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கு மட்டும் பார்த்தாலும் இது மலிவான வழி இல்லை. டாம்சல்கள் எல்லைக்காகச் சண்டையிடும் மீன்கள். முதலில் வந்ததால் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் விடும் கோமாளி மீனையும் கோபி மீனையும் கடித்து விரட்டும். அதைப் பிடித்து வெளியே எடுக்க வேண்டுமென்றால் பாறையெல்லாம் கலைக்க வேண்டும். இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரிது: தனிமைப்படுத்தாமல் விட்ட மீனோடு வெண்புள்ளி நோய்க் கிருமியான கிரிப்டோகாரியான் தொட்டிக்குள் வந்துவிடலாம். வந்துவிட்டால் எல்லா மீன்களையும் வெளியே எடுத்து வேறு தொட்டியில் மருந்து கொடுத்து, பெரிய தொட்டியை இரண்டு மாதத்துக்கு மேல் மீனே இல்லாமல் ஓட்ட வேண்டும். வாரங்களை மிச்சப்படுத்தலாம் என்று தொடங்கியது இப்படி மாதக்கணக்கில் போய் முடியும்.

ஏற்கெனவே மீன் விட்டாயிற்று, இனி என்ன செய்வது என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் தினமும் அமோனியா பார்க்க வேண்டும், தீனியை மிகவும் குறைக்க வேண்டும், அளவு ஏறியதும் உப்புநீரை மாற்ற வேண்டும், கிடைத்தால் பாட்டில் பாக்டீரியாவையோ ஏற்கெனவே ஓடும் தொட்டியின் ஃபில்டர் பொருளையோ உடனே சேர்க்க வேண்டும். வாங்கிய கடையிலேயே அந்த மீனைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் அதைவிட நல்லது. இந்த வழி பொருந்தும் சூழல் என்று எனக்கு எதுவும் தோன்றவில்லை.

## பச்சை இறால்

உரிக்காத இறால் ஒன்றைத் துணிப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிடுவது. அழுகும், அமோனியா வரும். எந்த உயிரும் அவதிப்படுவதில்லை, செலவும் இல்லை.

எவ்வளவு அமோனியா வரும், எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை என்பதே குறை. 30 டிகிரி தண்ணீரில் இறால் வேகமாக அழுகி, சிறிய தொட்டியில் அமோனியாவை ஒரேயடியாக ஏற்றிவிடலாம். கூடவே பாஸ்பேட்டும் இறங்கிப் பின்னாளில் பாசியாக எழும். இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் அந்த வாடையோடு வாழ்வதும் எளிதல்ல. அமோனியம் குளோரைடு கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு இது பரவாயில்லை. அப்படியானால் சிறு துண்டு போதும், இரண்டு மூன்று நாளில் எடுத்துவிட்டு அளந்து பார்க்கலாம்.

## அமோனியாவை அளந்து ஊற்றுவது

என் ஓட்டு இதற்குத்தான், காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மீன் தர வேண்டிய அமோனியாவை நாமே அளந்து தருகிறோம். அமோனியம் குளோரைடு என்ற உப்பு போதும். நம்மூர் நாட்டு மருந்துக் கடைகளில் நவச்சாரம் என்று விற்பது இதே சேர்மம்தான், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசப் பயன்படுவது. ஆனால் அந்தக் கட்டியில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்குத் துளிச் செம்பும் நஞ்சு. ஆகவே ஆய்வகத் தரம் என்று அச்சிட்ட பாட்டிலையே வாங்குங்கள். சென்னையில் பாரிமுனைப் பக்கத்து ரசாயனக் கடைகளில் கேட்கலாம். ஒரு சிறிய பாட்டில் பல தொட்டிகளுக்குக் காணும். வீட்டுத் துப்புரவுக்கு விற்கும் அமோனியா திரவத்தில் வாசனையும் நுரைப்பொருளும் சேர்ந்திருக்கலாம். குலுக்கிப் பார்த்து நுரை நின்றால் தொட்டிப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

கணக்கு எளிது. 6.3 கிராம் அமோனியம் குளோரைடை 100 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு இந்தக் கரைசல் 10 மில்லி ஊற்றினால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா வரும். பாறையும் மணலும் இடம் அடைப்பதால் 100 லிட்டர் தொட்டியில் உண்மையில் இருக்கும் தண்ணீர் அதைவிடக் குறைவு, அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். அதிகம் ஊற்றினால் சீக்கிரம் முடியும் என்று நினைக்கத் தோன்றும். 5 மில்லிகிராமைத் தாண்டினால் நைட்ரைட்டை மாற்றும் இரண்டாம் கூட்டத்தின் வளர்ச்சியே தடைபடும்.

ஊற்றிய பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்து எழுதி வைக்க வேண்டும். முதல் வாரங்களில் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். அப்புறம் அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். அமோனியா அரை மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் மறுபடி ஊற்றலாம். நைட்ரைட் கிட்டின் உச்ச நிறத்திலேயே நின்றுவிட்டால் புதிதாக ஊற்றுவதைச் சில நாள் நிறுத்தி வையுங்கள்.

வேறெதையும் சேர்க்காமல் இதை மட்டும் செய்தால் நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். விதைப் பாக்டீரியா காற்றிலிருந்தும் கையிலிருந்தும் தற்செயலாக வர வேண்டியிருப்பதே தாமதத்துக்குக் காரணம். ஆகவே இதோடு பாட்டில் பாக்டீரியாவையோ ஓடும் தொட்டியின் ஃபில்டர் பொருளையோ சேர்ப்பதுதான் நடைமுறைக்கு ஏற்றது. தீனி நம் கையில், விதை வெளியிலிருந்து.

வெப்பமான ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு லாபம் இருக்கிறது. இந்தப் பாக்டீரியா 28, 30 டிகிரியில் நன்றாக வளரும். மீன் இல்லாத இந்த வாரங்களில் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் கருவியை ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. விளக்கும் வேண்டாம், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் கிருமி கொல்லும் யு.வி. விளக்கும் அணைந்தே இருக்கட்டும். மின்கட்டணத்தில் இது கணிசமான மிச்சம். நீரோட்டத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். இந்த உயிர்களுக்கு ஆக்ஸிஜன் அவசியம், சூடான உப்புநீரில் அது ஏற்கெனவே குறைவு. நீண்ட மின்வெட்டு வரும் பகுதியானால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை இப்போதே வாங்கி வைப்பது நல்லது, மீன் வந்த பிறகு எப்படியும் தேவைப்படும்.

சில வேளை எல்லாம் சரியாக இருந்தும் சைக்கிள் நின்றுவிடும். ஆர்.ஓ. தண்ணீர், புதுப் பாறை, சுத்தமான உப்பு என்று இருக்கும் தொட்டியில் பாக்டீரியாவுக்கு வேண்டிய பாஸ்பேட் துளியும் இல்லாமல் போகலாம். ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டால் போதும். காரத்தன்மையையும் பாருங்கள், அமோனியாவை மாற்றும் வேலை அதைத் தின்றுகொண்டே இருக்கும்.

வெளியே தெரியாத செலவு: முடிவில் நைட்ரேட் ஏறியிருக்கும், பாதித் தண்ணீரையாவது மாற்ற வேண்டும். 100 லிட்டர் உப்புநீருக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல் செயற்கைக் கடலுப்பு போகும். இந்தத் தண்ணீர் மாற்றத்துக்கும் சேர்த்து முதலிலேயே உப்பு வாங்குங்கள்.

## பாட்டில் பாக்டீரியா

நல்ல பாட்டில் வேலை செய்யும். உயிருள்ள பாக்டீரியா கிடைத்து, கூடவே அமோனியாவும் கொடுத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் சைக்கிள் முடிவது சாத்தியம். நோயும் பூச்சியும் வராது, சட்டச் சிக்கலும் இல்லை.

சிக்கல் பாட்டில் வந்த பாதையில் இருக்கிறது. நைட்ரஜனை மாற்றும் பாக்டீரியா விதை போல உறங்கிக் காத்திருக்கும் வகை இல்லை. வெயிலில் காய்ந்தால் செத்துப்போகும். மே மாதத்தில் கூரியர் வண்டியில் இரண்டு மூன்று நாள் கிடந்த பாட்டிலில் என்ன மிச்சமிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டர்போஸ்டார்ட் போன்ற பாட்டில்கள் குளிரில் வைக்க வேண்டியவை. அதிலும் 700 என்று எண்ணிட்டது நன்னீருக்கு, 900 தான் கடல்நீருக்கு. மாற்றி வாங்கி ஊற்றிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. இன்னும் சில பாட்டில்களில் இருப்பது கழிவைச் சிதைக்கும் வேறு வகைப் பாக்டீரியா. அவை வெப்பத்தைத் தாங்கும், தொட்டிக்குக் கெடுதலும் இல்லை, ஆனால் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் வேலையை நம்பி அவற்றிடம் ஒப்படைக்க முடியாது.

அதனால் கடையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிறாரா, காலாவதித் தேதி என்ன, லேபிளில் நைட்ரிஃபையிங் பாக்டீரியா என்றும் கடல்நீருக்கு என்றும் இருக்கிறதா, இவற்றைப் பார்த்து வாங்குங்கள். ஊற்றிய நாளே மீன் விடலாம் என்று அட்டையில் எழுதியிருந்தாலும், அந்தப் பாட்டில் உயிரோடு வந்ததற்கு ஆதாரம் உங்கள் டெஸ்ட் கிட்டில்தான் கிடைக்கும். முதலில் அமோனியா ஊற்றுங்கள், அது மறைகிறதா என்று பாருங்கள்.

தெரிந்தவர் யாரிடமும் கடல்நீர்த் தொட்டி இல்லாதவருக்கும், எந்தப் பூச்சியும் வரக் கூடாது என்று உறுதியாக இருப்பவருக்கும் இதுதான் சரியான விதை.

## ஓடும் தொட்டியிலிருந்து எடுத்த விதை

பல மாதங்களாக நன்றாக ஓடும் ஒருவரின் கடல்நீர்த் தொட்டியிலிருந்து செராமிக் வளையங்களையோ ஸ்பாஞ்சையோ சிறு பாறையையோ வாங்கி வந்து உங்கள் சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த ஃபில்டர் தொட்டியில்) போடுவது. பாக்டீரியாவோடு ஆர்க்கியாவும், கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ நல்ல உயிர்களும் சேர்ந்து வரும். எந்தப் பாட்டிலிலும் இவ்வளவு வகை கிடையாது. போதுமான அளவு கிடைத்தால் சில நாளிலேயே அமோனியா இறங்கத் தொடங்கும். பெரும்பாலும் காசும் வாங்க மாட்டார்கள்.

கொண்டுவரும் முறையில் கவனம் வேண்டும். அதே தொட்டித் தண்ணீரில் மூழ்கியபடி, வெயில் படாமல், நேரே வீட்டுக்கு. சென்னையில் மீன்கடைகள் நிறைந்த கொளத்தூரில் வாங்கிவிட்டு அப்படியே வேறு வேலையைப் பார்த்து மாலை வீடு திரும்பினால் பாதி போய்விடும். குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். நன்னீர்த் தொட்டியின் ஸ்பாஞ்ச் இதற்கு உதவாது, திடீரென உப்புநீரில் விழுந்தால் அதிலுள்ளவை பெரும்பாலும் செயலிழக்கும்.

கூட வருவதுதான் இங்கே செலவு. அந்தத் தொட்டியில் வெண்புள்ளியோ வெல்வெட் நோயோ இருந்தால் அதன் கூடுகள் பாறையில் ஒட்டியே வரும். ஐப்டேசியா என்ற சிறு அனிமோன் ஒன்று வந்தாலும் போதும், ஒரு வருடத்தில் தொட்டி முழுதும் பரவும். கொடுப்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: கடைசியாகப் புது மீன் எப்போது விட்டீர்கள், நோய் வந்ததா, பாறையில் ஐப்டேசியா பார்த்தீர்களா? பாறையைவிட சம்ப்பின் இருட்டில் கிடந்த செராமிக் வளையங்களை வாங்குவது பாதுகாப்பு, பூச்சி ஏறும் வாய்ப்பு அதில் குறைவு. விதை போட்ட பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் மீன் விடாமல் காத்திருந்தால் வெண்புள்ளிக் கிருமி ஒட்டிக்கொள்ள மீன் உடல் கிடைக்காமல் அழிந்துவிடும். அந்தப் பொறுமை இருப்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

## லைவ் ராக்

கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் மண்டிய பாறை. உலக அளவில் கடல்நீர்த் தொட்டிக் கலையையே மாற்றியது இதுதான். நல்ல பாறை கிடைத்தால் பாக்டீரியா, புழுக்கள், கடற்பஞ்சுகள், ஊதாநிறப் பாசிப் படலம் எல்லாம் முதல் நாளே இருக்கும். காய்ந்த பாறையில் தொடங்கிய தொட்டிகள் முதல் மாதங்களில் படும் பழுப்புப் பாசித் தொல்லையும் டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர்த் தொல்லையும் இதில் குறைவு. எடுத்து வரும் பயணத்தில் உயிர்கள் செத்து அழுகியிருந்தால் அதிலிருந்தே அமோனியா வரும், நாலைந்து வாரம் தனியாக வைத்துப் பதப்படுத்த வேண்டும். மேண்டிஸ் இறால் போன்ற வேட்டைக்காரர்களும் ஒளிந்து வரலாம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்குக் கேள்வி வேறு. கல்பவளங்கள் அனைத்தும் 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. நம் கடலிலிருந்து பவளப் பாறையை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். செத்துக் கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை வரை போகலாம். யாராவது, மன்னார் வளைகுடாக் கரை ஊரான மண்டபம் பக்கத்திலிருந்து வந்த பாறை என்று காதோடு சொல்லி விற்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் அங்கே பவளத்தை வெட்டி எடுத்தார்கள். தீவுகளைக் காத்து நின்ற பவளத் திட்டு தேய்ந்த பிறகு பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. கடலை நேசித்துத்தானே வீட்டில் தொட்டி வைக்கிறோம், அதற்காக அந்தத் திட்டில் கைவைப்பது எந்த வகையிலும் சரியில்லை.

அயல்நாடுகளில் கடலடியில் வளர்த்தெடுத்த லைவ் ராக் விற்கிறார்கள். அங்கே வாழ்பவர்களுக்கு, உரிய சான்றோடு கிடைத்தால், இது முதல் தரமான தேர்வு. இங்கே இருப்பவர்கள் செராமிக் பாறை அல்லது செயற்கைப் பாறையை வாங்கி, மேலே சொன்ன விதையைப் போடுவதே வழி. சிமெண்ட் கலந்து செய்த பாறையானால் பி.எச். அடங்கும்வரை நன்னீரில் வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | எடுக்கும் காலம் | கூட வருவது | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| டாம்சல் | 4–6 வாரம் | நோய், சண்டைக்கார மீன் | மீனின் வதை, நோய் வந்தால் மாதங்கள் | யாருக்கும் வேண்டாம் |
| பச்சை இறால் | 4–6 வாரம் | பாஸ்பேட், வாடை | பின்னாளில் பாசி | ரசாயனம் கிடைக்காத ஊரில் |
| அமோனியம் குளோரைடு மட்டும் | 4–6 வாரம் | எதுவுமில்லை | டெஸ்ட் கிட், கடைசித் தண்ணீர் மாற்றம் | அவசரம் இல்லாதவர் |
| அதோடு பாட்டில் | 1–2 வாரம், உயிரோடு வந்தால் | எதுவுமில்லை | வெயிலில் செத்த பாட்டில் | தெரிந்த தொட்டிக்காரர் இல்லாதவர் |
| அதோடு ஓடும் தொட்டி விதை | சில நாள் முதல் 2 வாரம் | பல்வகை நல்ல உயிர்கள், சில வேளை பூச்சியும் நோயும் | இரண்டு மாதம் மீனின்றிக் காத்திருப்பது | நம்பகமான நண்பர் இருப்பவர் |
| லைவ் ராக் | 1–5 வாரம் | பல்வகை உயிர்கள், வேட்டைக்காரர்கள் | இந்தியாவில் சட்டம் தடுக்கிறது | வளர்ப்புப் பாறை விற்கும் நாடுகளில் |

## முடிவெடுத்த பிறகு

எந்த வழியில் போனாலும் சோதனை ஒன்றுதான். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா வரும்படி ஊற்றுங்கள். 24 மணி நேரம் கழித்து அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று கிட் காட்டினால் தொட்டி தயார். நைட்ரைட் இன்னும் கொஞ்சம் தெரிந்தால் சில நாள் பொறுத்து மறுபடி சோதியுங்கள். நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் கிட் பொய்யாக அதிகம் காட்டும், ஆகவே நைட்ரேட்டைக் கடைசியில் பாருங்கள். நிறம் பார்க்கும் மலிவு கிட்களில் பூஜ்யத்துக்கும் 0.25-க்கும் வித்தியாசம் தெரியாமல் தவிப்பவர்கள் பலர். புதிதாகக் கலக்கிய உப்புநீரையும் பக்கத்திலேயே சோதித்து, இரண்டு குழாயையும் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

இதெல்லாம் தண்ணீர் சரியாக இருந்தால்தான் நடக்கும். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சமையலறை ஆர்.ஓ. கருவி பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் மூலநீரைத் திரும்பக் கலக்கிறார்கள், கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்துவிட்டுத் தேவையானால் மிச்ச உப்புகளை நீக்கும் டி.ஐ. ரெசின் வழியாக விடுங்கள். கடல்நீரையே கொண்டுவரலாமா என்றும் கேட்கிறார்கள். கூவமும் அடையாறும் கலக்கும் இடங்களுக்கு அருகே எடுக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் கரையோர உப்பளவும் இறங்கியிருக்கும். முதல் தொட்டிக்குச் செயற்கை உப்பே மேல், ஒப்படர்த்தி 1.025 அளவில்.

சோதனையில் தேறியதும் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு, சில்லர் கருவியையோ மின்விசிறியையோ போட்டு வெப்பத்தை 26 டிகிரி அளவுக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் ஒன்றிரண்டு மீன் மட்டும். பண்ணையில் வளர்த்த கோமாளி மீன் கிடைத்தால் அதுவே நல்ல தொடக்கம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை இங்கேயே உருவாக்கியிருக்கிறது, ஆகவே கடலில் பிடித்ததுதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். அந்த வாரங்களில் பெரிய தொட்டியின் பாக்டீரியா பட்டினி கிடக்கக் கூடாது, ஆகவே இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரும்படி அமோனியாவை ஊற்றிக்கொண்டே இருங்கள். மீனை மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பு நிறுத்திவிட்டு, மாற்றும் நாள் காலையில் ஒருமுறை அமோனியா அளந்து பாருங்கள்.